ஏலத்தில் போன முதல் டப்பா

அத்தியாயம் 14

காப்பித் தண்டுக்குப் பூசுகிற ஒரு பசைக்காக அரசாங்கம் பணம் கொடுக்கிறது என்ற செய்தி பரவியபோது, ஏற்காட்டில் பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர், அந்த விண்ணப்பம் எங்கே கிடைக்கும் என்று ரகசியமாக விசாரித்தார்கள்.

நடந்தது எல்லோருக்கும் தெரியும். தேவசிகாமணியின் மகள் ஃபெபி, சேலத்தில் கல்லூரி வேலையை உதறிவிட்டு மலையேறி வந்தாள். காப்பித் தண்டைக் குடைந்து செடியையே சாய்க்கும் போரர் வண்டு கிட்டே வராதபடி ஒரு பூச்சு கண்டுபிடித்தாள். சின்ன ஊர்களில் பிறக்கும் ஆராய்ச்சியைச் சந்தைவரை தூக்கிவிடும் அரசின் புத்தாக்கத் திட்டத்தில் அவள் பெயர் தேர்வானது. முதல் தவணையில் காய்ச்சிக் கலக்கும் இயந்திரம் வந்தது. அதன் பிறகுதான் கல்லூரி விழித்துக்கொண்டது. "இது எங்கள் ஆய்வகத்தில் பிறந்த குழந்தை" என்று உரிமை கொண்டாடியவர்களில் பலருக்கு அந்த ஆய்வகம் எந்த மாடியில் இருக்கிறது என்றே தெரியாது. இருந்தும் தடையில்லாச் சான்று தர மாதக்கணக்கில் இழுத்தார்கள். போன வாரம்தான் அது வந்தது.

ஆகவே, இனி ஒரு தடையும் இல்லை என்று அந்த வீட்டில் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

இன்று காலை சேலத்துப் புத்தாக்க மையத்திலிருந்து சசிகலா மேடம் வந்திருந்தார். மூடுபனியில் கரடியூர் சாலையே தெரியவில்லை. வண்டி விளக்கு மட்டும் வாசலில் வந்து நின்றது.

ஃபெபியின் அம்மா செல்வமேரிக்கு ஒட்டுக்கேட்கும் பழக்கமெல்லாம் கிடையாது. காப்பித் தம்ளரோடு கதவோரம் வந்து சேரும்போது உள்ளே முக்கியமான பேச்சு நடந்தால், சூடு ஆறட்டும் என்று கொஞ்சம் நிற்பாள். அவ்வளவுதான்.

"ஒரே ஒரு விஷயந்தான் பாக்கி ஃபெபி," என்றார் சசிகலா. "இந்தப் பூச்சை இதுவரைக்கும் வெளியில யாருக்காவது வித்தீங்களா? சும்மாவாவது கொடுத்தீங்களா? பொது இடத்துல வெச்சுக் காட்டினீங்களா?"

"இல்லைங்க மேடம். வாழவந்தியில மாதேஸ்வரன் அண்ணன் தோட்டத்துல மட்டும் பூசிப் பார்த்தோம். வெளியாளுக்குக் காட்டக் கூடாதுன்னு அவர்கிட்டயும் பேசி வெச்சிருக்கேன்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. போன வருஷம் ஒரு தம்பி, மஞ்சள் வேக வைக்கிற அடுப்பு. அருமையான வேலை. காப்புரிமைக்கு விண்ணப்பம் போடறதுக்குள்ள மாமனார் ஆர்வத்துல ஊர்த் திருவிழாவுல கடை போட்டுட்டார். முடிஞ்சுபோச்சு. விண்ணப்பத்துக்கு முன்னாடி ஊரறிய ஒண்ணு வித்தாக்கூட அது ஊர்ச் சொத்து மாதிரிதான். யார் வேணாலும் செஞ்சு விக்கலாம், நம்மால கேக்க முடியாது."

"திருவிழாவுல வெச்சதுக்கேவா?"

"அரசாங்கமே அறிவிச்ச கண்காட்சின்னா சலுகை உண்டு. மாமனார் கடைக்கு யார் சலுகை கொடுப்பா?"

இருவரும் சிரித்தார்கள். கதவோரம் நின்றவள் சிரிக்கவில்லை.

"மத்தியானம் தோட்டத்துல நின்னு இதே கேள்வியை வீடியோவுல கேப்பேன்," என்றார் சசிகலா. "நீங்க உங்க வாயால பதில் சொல்லணும், கீழ கையெழுத்துப் போடணும். பொய்யின்னு பின்னாடி தெரிஞ்சா கொடுத்ததையெல்லாம் திருப்பி வாங்கிடுவாங்க, இனி எந்தத் திட்டத்துலயும் உங்க பேர் வராது. உங்களுக்கென்ன, பயமே இல்லை. வெள்ளிக்கிழமை காப்புரிமை விண்ணப்பம் போயிடும்."

செல்வமேரி தம்ளரைக் கொண்டுபோய் வைத்தாள். காப்பி ஆறித்தான் போயிருந்தது. சசிகலா நல்ல மனுஷி, ஒன்றும் சொல்லாமல் குடித்தார்.

*

அறுப்பின் பண்டிகை எப்படி நடக்கும் என்று சபைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: அவரவர் தோட்டத்தில், வீட்டில் விளைந்ததில் முதல் பலன் ஆலயத்துக்குப் போகும். வாழைத்தார், காப்பிக்கொட்டை, பூசணி, சேவல், கேக், ஊறுகாய். ஆராதனை முடிந்ததும் வாசலில் ஏலம். அங்கே ஓர் எலுமிச்சம்பழத்துக்காக இரண்டு சம்பந்திகள் மோதிக்கொள்வார்கள். பழம் போகும் விலைக்கு ஒரு மரமே வாங்கலாம். ஏலம் விடுகிறவர், சபையின் பொருளாளரான நம் தேவசிகாமணி. வீட்டில் வாய் திறக்காத மனுஷனுக்கு அன்று ஒருநாள் சிங்கக் குரல் வரும்.

இந்த வருஷம் செல்வமேரி எதைக் கொண்டுபோவாள்? அரசாங்கம் கொடுத்த இயந்திரத்தில் மகள் முதன்முதலாகக் காய்ச்சி இறக்கியிருக்கிறாள். முதல் பலன் அதுதானே? பெரிய பாத்திரத்திலிருந்து ஒரு டப்பா மொண்டாள். மூடியைத் துடைத்தாள். சிவப்பு ரிப்பன் கட்டி, சேவலுக்கும் பூசணிக்கும் நடுவே கொண்டுபோய் வைத்தாள். ஃபெபி அன்று பயிற்சிக்காகச் சேலத்தில் இருந்தாள். வந்தபின் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தவள், சபைக்குப் போகாமல் தோட்டமே கதியென்று கிடந்த மகள்மேல் கொஞ்சம் கோபத்தில், சொல்லாமலே விட்டுவிட்டாள்.

அந்த டப்பாவை யார் சீந்துவார்கள் என்று கூட்டம் கேலி செய்தது. அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. சாம்பல் நிற ஸ்வெட்டர். சபைக்குப் புதுமுகம். விளையாட்டுக்கு எதிர்த்துக் கேட்டவர்களெல்லாம் ஓய்ந்த பிறகும், தன் விலையைத் தானே ஒருமுறை உயர்த்திச் சொன்னார். கூட்டம் கைதட்டியது.

பிறகு அவர் செல்வமேரியை அழைத்து, பண்டிகைப் பேனருக்குக் கீழே நிறுத்தி, டப்பாவை இருவரும் பிடித்தாற்போல ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். பேனரில் தேதி இருந்தது. "இதுல என்னங்கம்மா சேர்த்திருக்கு?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். மகளைப் பற்றி ஒருவர் கேட்டால் தாய் பாதியில் நிறுத்துவாளா? சுண்ணாம்பில் தொடங்கி, எந்த இலை, எவ்வளவு நேரம் கொதி, எப்போது இறக்க வேண்டும், யார் தோட்டத்தில் பூசிப் பார்த்தது என்பதுவரை சொல்லிவிட்டுத்தான் ஓய்ந்தாள்.

அந்த மனுஷர் ஒரு பழத்தையோ கேக்கையோ தொடக்கூட இல்லை. அது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

*

ஆலயத்துக்குப் பின்னால் தேவசிகாமணி பண்டிகைக்கு வாடகைக்கு எடுத்த நாற்காலிகளைத் திருப்பி அனுப்ப வேன்காரரோடு வாதாடிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, இங்க வாங்க. அன்னிக்கு ஏலத்துல நம்ம டப்பாவை எடுத்தாரே, அவர் யாருங்க?"

"நொம்பப் பெரிய மனசுக்காரர் மேரி."

"மனசு கெடக்கட்டும். பேரு?"

"கேக்கலையே. ஆனா சட்டைப்பையில அவர் கார்டு இருக்குது. பேரெல்லாம் இல்லை, போன் நம்பர் மட்டும் அச்சடிச்சிருக்குது. பந்தா இல்லாத ஆளு."

பெயரில்லாத கார்டை அச்சடிக்கிறவன் பந்தா இல்லாதவனா, வேறு ஏதாவது இல்லாதவனா என்று யோசிக்க தேவசிகாமணிக்குத் தோன்றவில்லை. செல்வமேரி விஷயத்தைச் சொன்னாள். கேட்கக் கேட்க அவர் முகம் பனியைவிட வெளுத்தது.

"ஆலயத்துல கொடுத்ததுகூட வித்த கணக்கா?"

"நீங்கதானே மூணு தரம் கூவி வித்தீங்க."

"நீ கொண்டாந்து வெச்சே, நான் கூவினேன். வெச்சது நீ."

"சரிங்க, பங்கு பிரிக்கிறதை அப்புறம் வெச்சுக்கலாம். அந்த ஆளுக்குப் போன் போட்டு டப்பாவைத் திருப்பிக் கேளுங்க. எதுக்குன்னு மட்டும் சொல்லாதீங்க."

"எதுக்குன்னு சொல்லாம எப்படிக் கேக்கறது?"

"தெரியலீங்க. நல்ல மனுசர்னீங்களே, நல்லவிதமாக் கேளுங்க."

"ஃபெபிகிட்ட?"

செல்வமேரி அண்ணாந்து பார்த்தாள். ஆலயக் கூரைக்கு மேலே பனி இறங்கி, சிலுவை இருந்த இடமே தெரியவில்லை.

*

வாழவந்திக்குக் கிளம்பும்போது செல்வமேரியும் டிபன் கேரியரோடு வண்டியில் ஏறிக்கொண்டாள். அவளை யாரும் கூப்பிடவில்லை. யாராவது கேட்பதற்குள் அவள் கதவைச் சாத்திவிட்டாள்.

"அம்மாவுக்கு என்ன திடீர்னு ஆராய்ச்சி ஆசை?" என்றாள் ஃபெபி.

"பசிச்சா என்ன பண்ணுவீங்கன்னுதான் கண்ணு."

வழியெல்லாம் ஃபெபி பேசிக்கொண்டே வந்தாள். இரண்டாம் தவணையில் வாழவந்தியிலேயே ஒரு ஷெட் போட வேண்டும். எஸ்டேட் வேலை குறைந்துபோய்க் கீழே திருப்பூருக்குப் பஸ் ஏறுகிற பெண்களுக்கு இங்கேயே வேலை தர வேண்டும். சசிகலா தலையாட்டிக் குறித்துக்கொண்டார். இத்தனை சந்தோஷமாக மகள் பேசிக் கேட்டு எத்தனை காலமாயிற்று என்று செல்வமேரி நினைத்தாள்.

மாதேஸ்வரன் தோட்டத்து வேலியிலேயே காத்திருந்தார். பரம்பரையாக அந்த மலையில் வெள்ளாமை செய்கிறவர். சில்வர் ஓக் நிழலில் அவருடைய காப்பிச் செடிகள் பழம் சிவந்து நின்றன. தண்டெல்லாம் சாம்பல் பூசினாற்போல ஃபெபியின் பூச்சு. பூசாத பக்கத்து வரிசையில் பல செடிகள் இலை மஞ்சளித்துத் தொய்ந்திருந்தன. சசிகலா அந்த வித்தியாசத்தைப் பார்த்ததுமே போனை எடுத்துக்கொண்டு, மேல்வரிசையிலிருந்து படம்பிடிக்கிறேன் என்று பனிக்குள் ஏறிப் போய்விட்டார்.

அவர் மறைந்ததும் மாதேஸ்வரன் செல்வமேரி பக்கம் திரும்பினார்.

"ஏனுங்கம்மா, நேத்து நீங்க அனுப்பிச்ச ஆளு பத்திரமா வந்து சேந்தாருங்களா? இருட்டறப்பதான் கெளம்பினாரு."

"நான் அனுப்பின ஆளா?"

"ஆமாங்க. ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு. பாப்பா வெளியாளை விட வேண்டாம்னு சொல்லியிருக்குதுன்னு நான் மொதல்ல விடலைங்க. 'ஃபெபி பாப்பாவோட அம்மாதான் அனுப்பிச்சாங்க'ன்னு சொல்லி நீங்க ரெண்டு பேரும் நிக்கற போட்டோவைக் காட்டினாரு. கையில நம்ம டப்பா வேற. ரிப்பன் கட்டி, தெறக்காம வெச்சிருந்தாரு. அப்புறம் நான் என்னத்தைச் சந்தேகப்படறது? தண்டுல காஞ்சு கெடந்ததைக் கொஞ்சம் சொரண்டி ஒரு கவர்ல போட்டுக்கிட்டாரு. எந்த மாசம் பூசினோம், எத்தனை செடி பொழச்சுதுன்னு எல்லாம் கேட்டாரு. நீங்க அனுப்பிச்ச ஆளாச்சேன்னு சொன்னேனுங்க."

ஃபெபி ஒரு தண்டைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது.

"என்ன டப்பா அண்ணா?"

மாதேஸ்வரன் தாயையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். ஏதோ தவறிப்போயிற்று என்று அவருக்குப் புரிந்தது. தவறு எந்தப் பக்கம் என்றுதான் புரியவில்லை.

"அம்மா. யாருக்குக் கொடுத்தே?"

"கர்த்தருக்குத்தான் கண்ணு."

"அவர்கிட்ட இருந்து யார் வாங்கினா?"

செல்வமேரி சொன்னாள். ரிப்பன், ஏலம், போட்டோ, சுண்ணாம்பு, இலை, கொதி எல்லாம். எதையும் ஒளிக்கவில்லை. ஒளித்திருந்தால்கூட ஃபெபிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஃபெபி கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். அவள் கத்தவில்லை. செடிக்குப் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"தெரியாமப் பண்ணிட்டேன் சாமி. முதல் பலனைக் கொடுக்காம எப்படி நமக்கு வெச்சுக்கறதுன்னுதான்..."

"தெரியும்மா."

"இப்ப என்ன ஆகும்?"

"உண்மையைச் சொன்னா, இப்ப எழுதியிருக்கிற காப்புரிமை போயிடும். ஆனா மேடம் நல்லவங்க. கலவையை மாத்தி, இன்னும் ஒரு வருஷம் உழைச்சுப் புதுசா எழுதலாம்னு ஏதாவது வழி சொல்வாங்க. திட்டத்துல பேராவது நிக்கும்."

"சொல்லலைன்னா?"

"சொல்லலைன்னா காப்புரிமை வரும். ஆனா அந்தப் போட்டோ அவன்கிட்ட இருக்கு. என்னைக்கு வேணாலும் அதை எடுத்து நீட்டலாம். அப்புறம் அவன் சொன்னதுக்கெல்லாம் நான் தலையாட்டணும்." ஃபெபி எழுந்து கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். "மேடம் வந்ததும் சொல்லிடறேன்."

இதில் முதல் பாதிதான் செல்வமேரி காதில் ஏறியது. காப்புரிமை போயிடும். இன்னும் ஒரு வருஷம். தன்னால்.

அந்த நேரம் பார்த்து அவளுடைய போன் அடித்தது. சிக்னலுக்காகக் கொஞ்சம் தள்ளிப் போய் வேலியோரம் நின்று பேசினாள்.

"மேரி, பயப்படாதே," தேவசிகாமணியின் குரலில் அப்படி ஒரு நிம்மதி. "போன் போட்டேன். பக்கத்துலதான் இருந்திருப்பார்போல, உடனே ஊட்டுக்கே வந்துட்டார். நம்ம ஹால்லதான் உக்காந்திருக்கார். காப்பி கொடுத்தேன்."

"டப்பா?"

"தர்றேன்னுதான் சொல்றார். எதுக்குக் கேக்கறீங்கன்னார். நல்ல மனுசர்கிட்ட எதுக்கு ஒளிக்கிறதுன்னு சொல்லிட்டேன், இந்த மாதிரி வித்தது வெளிய தெரிஞ்சா பொண்ணுக்குச் சிக்கல்னு. அவருக்கே கண் கலங்கிப்போச்சு. இன்னைக்குப் பொண்ணு கையெழுத்துப் போடட்டும், அதுவரைக்கும் நான் யார்கிட்டயும் வாயைத் திறக்க மாட்டேன்னு எனக்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கார்."

செல்வமேரி நெஞ்சில் கை வைத்து ஸ்தோத்திரம் சொன்னாள். வாயைத் திறக்க மாட்டாராம். அப்படியென்றால் யாருக்கும் தெரியப் போவதில்லை. மகள்தான் படித்த பிள்ளைகளுக்கே உரிய விதத்தில் எல்லாவற்றையும் பெரிதாக நினைத்துப் பயப்படுகிறாள்.

'அதுவரைக்கும்' என்ற சொல்லை அவள் கவனிக்கவே இல்லை. அதைச் சொன்ன புருஷனும் கவனிக்கவில்லை. அந்தத் தம்பதியருக்குள் பொருத்தம் அப்படி.

மகளிடம் சொல்லிவிடலாம் என்று திரும்பினாள். அதற்குள் சசிகலா மேல்வரிசையிலிருந்து இறங்கி வந்து, ஃபெபிக்கு எதிரே போனைப் பிடித்து நின்றிருந்தார். "அப்படியே நில்லுங்க ஃபெபி. பின்னாடி செடி நல்லாத் தெரியுது. மாதேஸ்வரன், நீங்களும் பக்கத்துல வாங்க. அம்மா, நீங்களும்தான், குடும்பமா இருந்தா ஆபீஸ்ல பிடிக்கும். ஓடுது. கேக்கறேன்."

பனி வரிசைகளுக்குள் நுழைந்து முழங்கால்வரை வந்துவிட்டது.

"இந்தப் பூச்சை இன்றைய தேதிவரைக்கும் எங்கேயாவது விற்கவோ, கொடுக்கவோ, பொதுவில் காட்டவோ செஞ்சிருக்கீங்களா?"

ஃபெபி வாயைத் திறந்தாள்.

"இல்லைங்க மேடம்," என்றாள் செல்வமேரி. "எங்கியும் இல்லைங்க. நான் சத்தியமாச் சொல்றேன். அதை எடுத்து வெக்கிறதும் பூட்டறதும் நான்தானுங்க. ஒரு சொட்டுகூட ஊட்டை விட்டு வெளிய போகலை."

மாதேஸ்வரன் குனிந்து, அங்கே இல்லாத ஒரு களையைப் பிடுங்கத் தொடங்கினார்.

சசிகலா சிரித்தார். "அம்மா சொன்னதும் பதிவாயிடுச்சு, இருக்கட்டும். ஆனா அவங்க வாயால வரணும். சொல்லுங்க ஃபெபி."

ஃபெபி தாயைப் பார்த்தாள். செல்வமேரியின் முகத்தில் பயமே இல்லை. எல்லாம் சரியாகிவிட்டது, நீ சொல்லு என்று கண்ணாலேயே தைரியம் சொன்னாள். ஞாயிறுதோறும் முன்வரிசையில் உட்காருகிறவள், இத்தனை வயதுக்குப் பிறகு அரசாங்க வீடியோவில் சத்தியம் பண்ணிப் பொய் சொல்லியிருக்கிறாள். இப்போது உண்மையைச் சொன்னால், பெற்றவளைப் பொய்க்காரி என்று பதிவு பண்ணியதாகும்.

போன் ஓடிக்கொண்டே இருந்தது.

"அம்மா சொன்னதுதாங்க மேடம்," என்றாள் ஃபெபி. குரல் அவளுக்கே கேட்டிருக்காது.

"கொஞ்சம் சத்தமா?"

"எங்கயும் விக்கலை."

சசிகலா காகிதத்தை வண்டியின் பானெட்டில் விரித்துப் பேனாவை நீட்டினார். ஃபெபி கையெழுத்துப் போட்டாள். போட்டபின் பேனாவைத் திருப்பித் தர மறந்து, கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.

செல்வமேரி பெருமூச்சு விட்டு டிபன் கேரியரைத் திறந்தாள். போன் மறுபடி அடித்தது.

"ஆச்சா மேரி?" என்றார் தேவசிகாமணி. பின்னால் தம்ளரை மேஜையில் வைக்கும் ஓசை கேட்டது. "கையெழுத்து ஆச்சான்னு இவர் கேட்டுக்கிட்டே இருக்கார். ஆயிடுச்சுன்னா, பொண்ணு ஊட்டுக்கு வர்றவரைக்கும் இருந்து, நேர்ல பார்த்துப் பேசிட்டுத்தான் போவாராம்."